கோணல் மரமும் கிறிஸ்துமஸ் மரம்தான்! குட்டீஸோடு செய்யலாம் பிரவுனி

டிசம்பர் மூன்றாவது வாரம் வந்துவிட்டால் எங்கள் ராயப்பேட்டை சந்துகளுக்குத் தனிக் களை வந்துவிடும். பால்கனிகளில் ஸ்டார் தொங்கும். ராத்திரி கேரல் ரவுண்ட்ஸ் குழு கிடாரோடு வாசலில் வந்து நிற்கும். வெஸ்லி தேவாலயம் இருக்கும் ஏரியா அல்லவா!

சின்ன வயதில் எனக்கு கிறிஸ்துமஸ் என்றாலே கல்கல்தான். ஆயா மைதாவைத் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்து, குட்டிக்குட்டி உருண்டைகளாக உருட்டித் தருவார். பிள்ளைகள் நாங்கள் பாயில் வட்டமாக உட்கார்ந்து, முள்கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்டுவோம். ஆயா போன பிறகு அந்தப் பாயும் போனது. இப்போது கேக்குக்கு போனில் ஆர்டர் போடுகிறோம். பிள்ளைகளுக்கு சாப்பிடுவது மட்டும்தான் வேலை.

அந்தப் பாயைத் திரும்ப விரிக்கத்தான் போன வருடம் பிரவுனியில் இறங்கினேன். பிரவுனி நன்றாக வந்தது. நான்தான் ஒரு தப்பு செய்துவிட்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஏன் பிரவுனி?

கேக் என்றால் உப்ப வேண்டும், நடுவில் அமுங்கக் கூடாது. பிரவுனிக்கு அந்தக் கவலையே இல்லை. பேக்கிங் பவுடர் தேவையில்லை. மேலே வெடித்திருந்தால்தான் அழகு. அமெரிக்காவின் சிகாகோவில் 1893-ல் நடந்த உலகக் கண்காட்சிக்காக, பெண்கள் மதிய உணவுப் பெட்டியில் எடுத்துப்போகக்கூடிய இனிப்பு ஒன்று வேண்டும் என பெர்த்தா பால்மர் கேட்டாராம். அப்படிப் பிறந்ததுதான் பிரவுனி என்கிறது அங்குள்ள பால்மர் ஹவுஸ் ஹோட்டல். நாமும் டப்பாவில் போட்டு அக்கம்பக்கம் கொடுக்கலாம்.

தேவையானவை (8 மரங்களுக்கு)

வெண்ணெய் – 120 கிராம்
டார்க் சாக்லேட் – 120 கிராம்
சர்க்கரை – 150 கிராம்
முட்டை – 2
மைதா – 70 கிராம்
கோகோ பவுடர் – 25 கிராம்
உப்பு – ஒரு சிட்டிகை
வெனிலா எசென்ஸ் – அரை டீஸ்பூன்

அலங்கரிக்க: ஐசிங் சுகர் 100 கிராம், பால் 3-4 டீஸ்பூன், பச்சை ஃபுட் கலர் 2 சொட்டு, சீரக மிட்டாய், டூட்டி ஃப்ரூட்டி, ஜெம்ஸ், நீளமான வேஃபர் பிஸ்கட்.

செய்முறை

1. கொதிக்கும் தண்ணீரின் மேல் கிண்ணத்தை வைத்து வெண்ணெயையும் சாக்லேட்டையும் உருக்கி, ஆறவிடுங்கள்.

2. முட்டை, சர்க்கரை, எசென்ஸ் மூன்றையும் நுரைக்க அடியுங்கள். உருக்கியதை ஊற்றிக் கலக்குங்கள்.

3. மைதா, கோகோ, உப்பைச் சலித்துச் சேர்த்து, மாவு மறையும் வரை மட்டும் கிளறுங்கள். அதிகம் கிளறினால் இறுகிவிடும்.

4. பட்டர் பேப்பர் போட்ட 8 இன்ச் வட்ட டின்னில் ஊற்றி, முன்பே சூடாக்கிய அவனில் 170 டிகிரியில் 22-25 நிமிடம் வையுங்கள். குச்சியால் குத்தினால் ஈர மாவு வரக் கூடாது. லேசாகத் தூள் ஒட்டினால் சரியான பதம்.

அவன் இல்லையா? அகலமான, அடிகனமான பாத்திரத்தில் உப்பைப் பரப்பி, ஸ்டாண்ட் வைத்து மூடி, 10 நிமிடம் சூடாக்குங்கள். டின்னை உள்ளே வைத்து சிறு தீயில் 35-40 நிமிடம் விடுங்கள்.

முட்டை வேண்டாமா? அதற்குப் பதில் அரை கப் கெட்டித் தயிரும், கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் சேருங்கள்.

இனி குட்டீஸ் ராஜ்ஜியம்

பிரவுனியை ஒரு மணி நேரம் ஆறவிட்டு, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சூட்டோடு ஐசிங் போட்டால் வழிந்துவிடும். பிறகு பீட்சாவைப் போல 8 துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு முக்கோணமும் ஒரு மரம். அகலமான அடிப்பக்கத்தில் வேஃபர் துண்டைச் செருகினால் தண்டு ரெடி.

ஐசிங் சுகரில் பாலும் கலரும் சேர்த்துக் கெட்டியாகக் குழைத்து, பிளாஸ்டிக் கவரில் நிரப்பி, மூலையை லேசாக வெட்டுங்கள். மேலிருந்து கீழே வளைத்து வளைத்து கோடு போட்டால் கிளைகள். சீரக மிட்டாய் சீரியல் பல்பு, டூட்டி ஃப்ரூட்டி தோரணம், உச்சியில் மஞ்சள் ஜெம்ஸ்தான் ஸ்டார்!

3-5 வயதுக் குழந்தைகள் மிட்டாய் ஒட்டலாம். 6-9 வயதினர் மாவு சலிக்கலாம், முட்டையைத் தனிக் கிண்ணத்தில் உடைக்கலாம். 10 வயதுக்கு மேல் என்றால் அளவு எடுப்பதையும் ஐசிங் கோடு போடுவதையும் அவர்களிடமே விட்டுவிடலாம். அவனும் அடுப்பும் கத்தியும் பெரியவர்கள் பொறுப்பு.

கவனம்: வேகாத மாவை வழித்துச் சாப்பிட விடாதீர்கள். பச்சை முட்டை மட்டுமல்ல, பச்சை மைதாவாலும் வயிறு கெடலாம். 5 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஜெம்ஸ் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு; அவர்களுக்கு டூட்டி ஃப்ரூட்டி போதும்.

நான் செய்த தப்பு

போன வருடம் அக்கா மகள் ஒரு மரம் செய்தாள். ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். கோடெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. மிட்டாய் முழுவதும் ஒரே மூலையில் குவிந்திருந்தது. அவள் கை கழுவப் போன நேரத்தில், போட்டோவுக்கு நன்றாக இருக்கட்டும் என்று நாலு மிட்டாயைப் பிய்த்து வரிசையாக ஒட்டினேன்.

திரும்பி வந்தவள் உடனே கண்டுபிடித்துவிட்டாள். “சித்தி, என் மரத்தை யார் மாத்தினது?” பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகு அவள் மற்ற மரங்களைத் தொடவே இல்லை. “நீயே பண்ணிக்கோ” என்று டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் ஆயா ஞாபகம் வந்தது. நாங்கள் சுருட்டிய கல்கல் பாதி சப்பையாக, பாதி பிரிந்துபோய் இருக்கும். அவர் ஒன்றைக்கூடத் திருத்தியதில்லை. எல்லாவற்றையும் ஒரே எண்ணெயில் பொரித்து, ஒரே டின்னில் போட்டு, பக்கத்து வீடுகளுக்கும் அதிலிருந்தே அள்ளித் தருவார். “இதெல்லாம் பிள்ளைங்க பண்ணது” என்று பெருமையாகச் சொல்லித்தான் தட்டை நீட்டுவார்.

இந்த வருடம் கத்தியும் அடுப்பும் என் பொறுப்பு. மரங்கள் எட்டும் அவளுடையவை. கீழ் வீட்டு மாமிக்கு முட்டையில்லாதது, எதிர் வீட்டு பாய் குடும்பத்துக்கு இரண்டு என்று அவளே கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். தட்டும் அவள் கையில்தான் போகப்போகிறது. மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் நான் வாய் திறக்க மாட்டேன்.