பண்ணைக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்கள்: விவசாயி ஏற்க வேண்டிய பொறுப்புகள்

ஏட்டுக் கல்வியுடன் கைத்தொழிலும் சேர வேண்டும் என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வலியுறுத்தப்பட்டு வரும் கருத்தாகும். 1937-ல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்விக்கு இதுவே அடிப்படை. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழுவும், பள்ளிப் படிப்பில் வேலை அனுபவம் ஒரு பகுதியாக அமைய வேண்டும் என்று பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 1978-ல் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டபோது தொழிற்கல்விப் பிரிவும் உடன் வந்தது. அப்பிரிவில் வேளாண்மை பயிலும் மாணவ மாணவியர் செயல்முறைப் பயிற்சிக்காக அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்கு வருவதுண்டு.

இப்பயிற்சி பெரிய பண்ணைகளில்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு ஏக்கர் நெல்லும், நான்கு சென்ட் காய்கறியும், ஒரு ஜோடி கறவை மாடும் வைத்திருக்கும் சிறு விவசாயியிடம் பல வேலைகளை ஒரே இடத்தில் கற்கலாம். ஆனால், பள்ளியிலிருந்து கேட்டு வரும்போது 'சரி' என்று சொல்வதுடன் சில பொறுப்புகளும் விவசாயியின் தலையில் ஏறுகின்றன. மாணவர் பண்ணையில் இருக்கும் நேரம் முழுவதும் அவருடைய பெற்றோரின் இடத்தில் விவசாயி நிற்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

கூலி ஆள் வேறு, மாணவர் வேறு

நடவு, களையெடுப்பு, அறுவடைக் காலங்களில் ஆள் கிடைப்பது அரிதாக இருக்கிறது. அந்த நேரத்தில் நான்கு மாணவர்கள் வரப்பில் வந்து நின்றால், அவர்களை வயலில் இறக்கிவிட்டால் என்ன என்று தோன்றுவது இயல்பே. இங்குதான் விவசாயி நிதானிக்க வேண்டும். ஒரு மணி நேரம் நட்டால் நடவு முறை தெரிந்துவிடும். மீதி நாள் முழுவதும் நட வைத்தால் அது பயிற்சியல்ல, கூலி கொடுக்காமல் வாங்கும் வேலை. மாணவர் வந்ததைக் காரணமாக வைத்து வழக்கமான ஆட்களை நிறுத்துவதும் முறையல்ல.

சட்டமும் இதில் கண்டிப்பாக உள்ளது. 1986-ம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 2016-ல் திருத்தப்பட்டது. அதன்படி 14 வயது நிரம்பாதவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. 14 முதல் 18 வயது வரையிலானவர்களை அபாயகரமான தொழில்களில் ஈடுபடுத்தக் கூடாது. மீறினால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறையோ, ரூ.20,000 முதல் ரூ.50,000 வரை அபராதமோ, அல்லது இரண்டுமோ விதிக்கப்படலாம். 'பயிற்சிக்கு வந்த பிள்ளைதான்' என்று சொல்லிக்கொண்டு அபாயமான வேலையை வாங்கினால், அந்தப் பெயர் மட்டும் விவசாயியைக் காப்பாற்றிவிடாது.

வருவதற்கு முன்பு

மாணவர்களை அனுப்பும் ஆசிரியரிடம் பள்ளியின் கடிதத்தைக் கேட்டுப் பெற வேண்டும். மாணவர் பெயர், வயது, எத்தனை நாள், எத்தனை மணி நேரம், பெற்றோர் மற்றும் ஆசிரியரின் தொலைபேசி எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும். பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதம் பள்ளியிடம் உள்ளதா, விபத்துக் காப்பீடு உண்டா என்பதையும் கேட்டறிவது நல்லது. வலிப்பு, ஆஸ்துமா, குளவி கொட்டினால் உடம்பு தடித்தல் போன்றவை யாருக்காவது இருந்தால் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். நீச்சல் தெரியுமா என்று கேட்கவும் தவறக் கூடாது.

பிறகு விவசாயி தம் பண்ணையை ஒருமுறை புது ஆளின் கண்ணால் சுற்றிப் பார்க்க வேண்டும். கைபிடிச் சுவர் இல்லாத கிணறு, கொட்டகையில் செருகி வைத்த அரிவாள், மோட்டார் அறையில் தொங்கும் ஒயர், முட்டும் பழக்கமுள்ள மாடு ஆகியவை வீட்டாருக்குப் பழகிப் போயிருக்கும். இருட்டில்கூட விலகி நடப்பார்கள். பள்ளிப் பிள்ளைக்கு அது தெரியாது. பண்ணையில் நேரும் விபத்துகளுக்கு இந்தப் பழக்கமும் காரணமாகலாம். முதல் நாள் எந்த வேலையும் தொடங்கும் முன், இந்த இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, ஏன் போகக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாணவர் கையில் கொடுக்கக் கூடாதவை

1. பூச்சிமருந்து: மருந்து கலப்பது, தெளிப்பது, தெளிப்பானைக் கழுவுவது ஆகிய மூன்றிலும் மாணவர்களை விடக் கூடாது. மருந்து அடித்த வயலுக்குள் அனுப்புவதும் கூடாது. பயிற்சி நாட்களில் மருந்து தெளிப்பதையே தள்ளிப் போடலாம். மருந்துப் புட்டியின் முக்கோணக் குறியை வேண்டுமானால் தொடாமல் காட்டிக் கற்றுத் தரலாம். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் கொடிய நஞ்சு, நீலம் நடுத்தரம், பச்சை அவற்றிலும் குறைந்தது. எந்த நிறமானாலும் நஞ்சு நஞ்சே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காலிப் புட்டியில் தண்ணீர் மொண்டு வைக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால் அதை உடனே நிறுத்த வேண்டும்.

2. இயந்திரங்கள்: கதிரடிக்கும் இயந்திரம், தட்டை வெட்டும் இயந்திரம், பவர் டில்லர் ஆகியவை ஓடும்போது மாணவர்கள் தள்ளி நின்று பார்க்கலாம். தாவணி, துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை, விரித்த கூந்தல் ஆகியவை பெல்ட்டில் சிக்கினால் நொடியில் கை போய்விடும். டிராக்டரின் மட்கார்டில் உட்கார வைத்து அழைத்துச் செல்லக் கூடாது. 18 வயது நிரம்பாதவரைச் சாலையில் டிராக்டர் ஓட்ட விட்டால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி வாகன உரிமையாளருக்கே 3 ஆண்டு வரை சிறையும், ரூ.25,000 அபராதமும் உண்டு.

3. மின்சாரம், கிணறு: பம்புசெட் ஸ்டார்ட்டரை விவசாயி மட்டுமே தொட வேண்டும். ஈரக் காலுடன் மோட்டார் அறைக்குள் யாரையும் விடக் கூடாது. கிணற்றில் இறங்குவது, குளிப்பது இரண்டையும் அறவே தடுக்க வேண்டும்.

வெயிலும் வசதியும்

வெயில் காலத்தில் காலை 11 மணிக்குள் வயல் வேலையை முடித்து, பிறகு நிழலில் செய்யும் வேலைகளைக் கொடுக்கலாம். காய்ச்சி ஆறிய தண்ணீரும், உட்கார நிழலும், வேலை முடிந்ததும் கை கழுவச் சோப்பும் இருக்க வேண்டும். தலைப்பாகை அல்லது தொப்பி, காலுக்குச் செருப்பு அவசியம். வைக்கோல் போர், விறகுக் குவியல், எலி வளை ஆகியவற்றில் கை விடக் கூடாது என்று எச்சரிக்க வேண்டும்.

மாணவியர் வந்தால் கதவுள்ள கழிப்பிடம் வேண்டும். தம் வீட்டில் இல்லையானால் பக்கத்து வீட்டில் ஏற்பாடு செய்துகொள்ளலாம். மாணவியை ஆண் ஒருவருடன் தனியே வயலுக்கு அனுப்பக் கூடாது. வீட்டுப் பெண்களில் ஒருவர் உடனிருப்பது நல்லது. ஆள்கள் கேலிப் பேச்சுப் பேசினால் முதலிலேயே கண்டிக்க வேண்டும். 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட மாணவர், மாணவியர் இருபாலருக்கும் பொருந்தும். குற்றம் நடந்தது தெரிந்தும் காவல் துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பதும் அச்சட்டப்படி குற்றமே.

கற்றுத் தர ஏற்றவை

ஆபத்தில்லாமல் கற்பிக்கக் கூடியவை பண்ணையில் ஏராளம். மண் மாதிரி எடுப்பது அவற்றுள் ஒன்று. 'வி' வடிவக் குழி வெட்டி, 15 செ.மீ. ஆழம் வரை மண்ணைச் சீவி எடுத்து, வயலில் 10 முதல் 15 இடங்களில் சேகரித்து, கலந்து, கால் பகுப்பு முறையில் அரை கிலோவாகக் குறைக்கலாம். குழி வெட்டுவதை விவசாயி செய்ய, மற்றதை மாணவர்கள் செய்யலாம்.

நெல் விதைத் தேர்வும் ஏற்றது. நீரில் உப்பைக் கரைத்து, புதிய கோழிமுட்டை பழைய நாலணாக் காசு அகலம் வெளியே தெரியும்படி மிதக்கும் பதம் வந்ததும் விதையைக் கொட்டினால் பதர் மிதக்கும். அதை நீக்கிவிட்டு, அடியில் தங்கிய விதையை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். நாற்றின் இடைவெளி அளத்தல், தூர் எண்ணுதல், நன்மை செய்யும் பூச்சிகளை அடையாளம் காணுதல், பால் கணக்கு எழுதுதல், வரவு செலவு போடுதல் ஆகியவையும் நல்ல பயிற்சிகளே. அன்றன்று செய்ததை மாணவர் நோட்டில் எழுத, விவசாயி பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

விபத்து நேர்ந்தால்

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும். மருந்து உடம்பில் பட்டால் உடையைக் களைந்து சோப்புப் போட்டுக் கழுவி, மருந்தின் லேபிளுடன் மருத்துவரிடம் செல்ல வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஆம்புலன்சுக்கு 108 எண்ணை அழைத்த கையோடு, பெற்றோருக்கும் பள்ளிக்கும் தெரிவிக்க வேண்டும். சிறு காயமானாலும் மறைத்துவிடக் கூடாது.

இவ்வளவு பொறுப்பா என்று மலைத்து, வரும் மாணவரைத் திருப்பி அனுப்பிவிடத் தேவையில்லை. இவற்றில் பெரும்பாலானவை செலவில்லாதவை. கிணற்று ஓரம் நான்கு முள் கிளை வெட்டிப் போடுவதும், மருந்துப் புட்டிகளைப் பூட்டி வைப்பதும் விவசாயியின் சொந்தப் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பே. ஒரே நேரத்தில் தம்மால் கண்பார்வையில் வைத்துக்கொள்ள முடிந்த அளவுக்கு மேல் மாணவர்களை ஏற்காமல் இருந்தால் போதும். காலையில் வந்த பிள்ளை மாலையில் நலமாக வீடு திரும்புவதே முதல் பொறுப்பு. அதன் பிறகே மற்றப் பாடங்கள்.