உழைத்தவரின் முதுமைக் காப்பு



திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் குடும்பங்கள் பல மாதச் சம்பளத்தையே நம்பியவை. மா ஆலையிலும் சீமெந்து ஆலையிலும், நகரத்துக் கடைகளிலும் விடுதிகளிலும் உழைப்போருக்கு அரசாங்க ஊழியருக்குள்ள ஓய்வூதியம் இல்லை. அவர்களுடைய முதுமைக்கு ஊன்றுகோல் ஊழியர் சேமலாப நிதியே. அதனைப் பேணும் வகை யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இந்நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. சம்பளத்தில் நூற்றுக்கு 8 ரூபாவை ஊழியரும் 12 ரூபாவைத் தொழில்தருநரும் செலுத்துதல் வேண்டும். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் மேலும் 3 ரூபா செலுத்துகிறார். ஆகவே, 60,000 ரூபா பெறுபவரின் பெயரில் மாதந்தோறும் முன்னையதில் 12,000 ரூபாவும் பின்னையதில் 1,800 ரூபாவும் சேர வேண்டும். இவற்றுள் தொழிலாளியின் பங்கு 4,800 ரூபா மட்டுமே.

ஆனால், சேர வேண்டியது வேறு, சேர்ந்தது வேறு. சம்பளச் சீட்டிற் கழித்த தொகை நிதிக்குச் சென்றதா என்பதைக் கணக்குக் கூற்றைப் பார்த்தே அறியலாம். பெயரும் அடையாள அட்டை இலக்கமும் பிழையின்றி உள்ளனவா? வாழ்க்கைச் செலவுப் படியையும் சேர்த்துக் கணக்கிட்டார்களா? குறை கண்டால் தொழில் அலுவலகத்தில் உடனே முறையிடுக. ஓய்வுபெறும் நாளில் இருபது ஆண்டுக் குறையைத் தேடிப் பிடிப்பது அரிது. பின்னுரித்தாளியின் பெயரையும் பதிந்து வைத்தல் நன்று. இல்லையேல், துயரத்தில் இருக்கும் குடும்பமே அலைய நேரும்.

அடுத்தது பொறுமை. ஆண்டுக்கு நூற்றுக்கு 9 வட்டி கிடைப்பின், பணம் 8 ஆண்டுகளில் ஏறத்தாழ இரட்டிக்கும். 30 வயதில் உள்ள ஒரு இலட்சம், 54 வயதில் எட்டு இலட்சத்தை நெருங்கும். இடையில் எடுத்துச் செலவிட்டால், எடுத்த தொகையோடு அதன் குட்டிகளையும் இழக்கிறோம்.

எனினும், தொகை வளர்வதால் மட்டும் அதன் பெறுமதி வளர்ந்துவிடாது. 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைவாசி முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு ஏறக்குறைய 70 உயர்ந்திருந்தது. அவ்வாண்டு நிதி வழங்கிய வட்டியோ 9. ஆதலால் இந்நிதியொன்றையே நம்பியிராது, கடனைத் தீர்த்தும் தனியே சிறிது சேமித்தும் வருதல் வேண்டும்.

இறுதியாக, பெருந்தொகை கைக்கு வரும் நாளே பேராபத்தான நாள். ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயது நிறைந்து ஓய்வுபெறுகையில் முழுப் பணமும் ஒருங்கே வருகிறது. அன்று உறவினரும் புதிய நண்பரும் வாசலிற் கூடுவர். மாதம் நூற்றுக்கு ஐந்து தருவோம் என்பர். வைப்புப் பணம் திரட்ட அனுமதியற்ற கோல்டன் கீ நிறுவனம் 2008இல் வீழ்ந்தபோது, கூடிய வட்டியை நம்பிய பலர் ஆயுட்காலச் சேமிப்புக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தனர். மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனமா என்று முதலில் விசாரியுங்கள். அத்தகைய நிறுவனத்திலும் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரையே. ஆதலின் பணத்தைப் பிரித்து வையுங்கள். ஆறு மாதம் எதிலும் அவசரப்படாதீர்கள். பிள்ளையின் திருமணத்துக்கோ வீட்டுக்கோ கொடுப்பதாயினும், உங்கள் சோற்றுக்கும் மருந்துக்கும் உரியதை ஒதுக்கிவிட்டு எஞ்சியதைக் கொடுங்கள். பெற்றோர் பிறர் கையை எதிர்பாராது வாழ்வதும் பிள்ளைகளுக்குச் செய்யும் பேருதவியே.