உங்களுக்குத் தெரியுமா? பெயரை மறைத்தார்கள், ஸ்பெயின் வென்றது

1979-இல் கோ-மியோ என்ற பிரெஞ்சு உணவு இதழ் பாரிஸில் பெரிய ஒயின் போட்டி ஒன்றை நடத்தியது. எந்த பாட்டில், எந்த ஊர் என்று தெரியாமலேயே நடுவர்கள் சுவைத்து மதிப்பெண் போட்டார்கள். கபர்னே சோவிஞோன் திராட்சைப் பிரிவில் முதலிடம் யாருக்கு? போர்தோவின் புகழ்பெற்ற ஷாத்தோ லத்தூரையும் பின்தள்ளியது, ஸ்பெயினின் பெனெதெஸ் பகுதியில் தோரெஸ் குடும்பத்தார் தயாரித்த 1970-ஆம் ஆண்டு ஒயின். அந்த வகை ஒயினை அவர்கள் தயாரித்த முதல் ஆண்டே அதுதான்! பெயர்ச்சீட்டு கண்ணில் பட்டிருந்தால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகமே.

பெயர் தெரியாவிட்டாலும் மூக்கு துப்புக் கொடுக்கும். ஸ்பெயினின் ரியோஹா பகுதியில் அமெரிக்க ஓக் மரப் பீப்பாய்களில் ஒயினை ஊறவைப்பது நெடுநாள் வழக்கம். அந்த மரம் வனிலா மணத்தோடு தேங்காய் மணத்தையும் ஏற்றிவிடும். ஆம், நம் தேங்காய்தான்! அங்கே ஒரு சிவப்பு ஒயின் ‘கிரான் ரெசெர்வா’ என்ற பெயரைப் பெறக் குறைந்தது 5 ஆண்டுகள் முதிர வேண்டும்.

சில சோதனைகளில் கோப்பையே கறுப்புக் கண்ணாடிதான். உள்ளே இருப்பது சிவப்பா, வெள்ளையா என்பதைக்கூட நாக்கும் மூக்கும்தான் சொல்ல வேண்டும்.