ரூஃப் ராப்: சப்பாத்தி ஷீட்டா, தோசை ஷீட்டா?

நம்ம அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வெட்டவெளியில கார் நிறுத்துறவங்களுக்கு ஒரு விஷயம் நல்லாத் தெரியும். கதவெல்லாம் பளபளன்னு இருக்கும், ரூஃப் மட்டும் வெளுத்துப் போயிருக்கும். காரணம் சிம்பிள். கதவு மேல வெயில் சாய்ந்து விழுது. ரூஃப் நாள் முழுக்க வானத்தைப் பார்த்துக்கிட்டு நிற்குது. புற ஊதாக் கதிர்கள் பெயின்ட்டுக்கு மேல இருக்கிற கிளியர் கோட்டை முதல்ல அங்கதான் அரிக்கும்.

அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கின ஹேட்ச்பேக்குக்கும் அதே கதிதான். "பெயின்ட் அடிக்கிற செலவு எதுக்குப்பா, நானே கறுப்பு ராப் ஒட்டிடறேன்"னு சொன்னேன். அவரும் நம்பி சாவியைக் கொடுத்தார். மே மாசம், மதியம், மலிவான ஷீட், பத்து ரூபாய் கட்டர். மூணே வாரத்துல ஓரமெல்லாம் உள்வாங்கி, வெளியே தெரிஞ்ச கம்முல கறுப்பா தூசி ஒட்டிக்கிச்சு. உரிச்சுப் பார்த்தா அதைவிட மோசம்: கட்டர் போன இடமெல்லாம் பெயின்ட்டுல கீறல். ஐப்பசி மழை முடிஞ்சப்போ அந்தக் கோட்டுல துரு. டிங்கரிங் கடையில கொடுத்த பணம் ஷீட் விலையைவிட அதிகம். அப்பா திட்டலை. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்தது.

ஜனவரியில ரெண்டாவது தடவை ஒட்டினேன். இன்னைக்கு வரைக்கும் அசையலை. ரெண்டு தடவைக்கும் நடுவுல என்ன மாறுச்சு? அதுதான் இந்தக் கட்டுரை.

ஷீட்டுக்கும் ஞாபகம் உண்டு

ராப் ஷீட் என்பது மென்மையாக்கப்பட்ட பி.வி.சி. அதை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். சூடான உருளைகளுக்கு நடுவே அழுத்தி இழுத்து எடுப்பது கேலண்டர்டு. திரவமாக ஊற்றிப் பரப்பி, அடுப்பில் காய வைப்பது காஸ்ட். முதலாவது சப்பாத்தி, இரண்டாவது தோசை!

சப்பாத்தி மாவைத் தேய்ச்சதும் அது கொஞ்சம் உள்வாங்கும், பார்த்திருப்பீங்க. இழுத்த இழுவை உள்ளேயே தங்கியிருக்கிறதுதான் காரணம். நம்ம பாடத்துல வர்ற 'ரெசிடுவல் ஸ்ட்ரெஸ்' இதேதான். கேலண்டர்டு ஷீட்டிலும் அந்தத் தகைவு இருக்கு. ரூஃப் சூடாகும்போதெல்லாம் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். தோசையை யாரும் இழுக்கலை, அதனால அது சுருங்கவும் நினைக்காது. ரூஃபுக்கு காஸ்ட் ஷீட்தான் வாங்கணும். விலை கூடத்தான், ஆனா ஒரே தடவை. காற்று வெளியேறும் நுண்ணிய வாய்க்கால் உள்ள கம்மா என்றும் கேட்டுக்கோங்க. ராப் ரோல் பெரும்பாலும் 1.52 மீட்டர் அகலத்தில் வரும். ஹேட்ச்பேக் ரூஃபுக்கு ஒட்டு போடாமல் ஒரே துண்டு போதும். அளந்து, நாலு பக்கமும் 10 செ.மீ. கூட வைத்து வாங்குங்க.

ஒட்டுவதற்கு முன்

முதலில் டேப் டெஸ்ட். நல்ல மாஸ்கிங் டேப்பை ரூஃபில் அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்க. பெயின்ட் கூடவே வந்தால் ராப் வேண்டாம். முதலில் பெயின்ட் வேலை. ராப் எதையும் மறைக்காது. காஸ்ட் ஃபிலிம் சுமார் 50 மைக்ரான்தான். அடியில் ஒரு மணல் இருந்தாலும் பரு மாதிரி தெரியும்.

ஷாம்பு வாஷ், பிறகு கிளே பார். ரயில் பாதை, தொழிற்பேட்டை பக்கத்தில் நிற்கிற வண்டிகளில் இரும்புத் துகள் பெயின்ட்டில் பதிந்திருக்கும். வெறும் தண்ணீருக்கு அது போகாது. கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைக்கணும். ஆன்டெனாவையும், ரெண்டு பக்க ரப்பர் பீடிங்கையும் கழற்றிடுங்க.

நேரமும் இடமும்

உலோகம் 20 முதல் 30 டிகிரிக்குள் இருக்கணும். மே மதியத்தில் கம் தொட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும், ஷீட் ரப்பர் மாதிரி இழுபடும். நம்ம ஊருக்கு ஜனவரி, பிப்ரவரி காலை நேரம் சரி. பனி ஈரம் துளியும் இல்லாமல் துடைத்து, மூடிய பார்க்கிங்கில், ஃபேன் போடாமல் செய்யுங்க.

ஒட்டும் முறை

நாலு பேர் வேண்டும். பின்தாளை உரித்து, பெட்ஷீட் விரிக்கிற மாதிரி நாலு மூலையும் பிடித்து மெதுவாக இறக்குங்க. சுருக்கம் போகிற அளவுக்கு மட்டும் இழுங்க. அதுக்கு மேல இழுக்கிற ஒவ்வொரு மில்லிமீட்டரும் பின்னாடி திரும்பி வரும். நுனியில் ஃபெல்ட் ஒட்டிய ஸ்குவீஜியால் நடுவிலிருந்து வெளிப்பக்கம் தேயுங்க. ஒவ்வொரு இழுப்பும் முந்தையதில் பாதியை மூடணும். குமிழி பெரிசா வந்தால் தூக்கித் திரும்ப ஒட்டுங்க.

ரெண்டு பக்கமும் இருக்கிற பள்ளமான வாய்க்கால்தான் கண்டம். அங்கே ஷீட்டைப் பாலம் மாதிரி நீட்டி விடாமல், தளர்வாக உள்ளே தள்ளி ஒட்டணும். வெட்டுவதற்கு நைஃப்லெஸ் டேப்: முன்கூட்டியே ஒட்டி வைத்து, உள்ளிருக்கும் நூலை இழுத்தால் ஷீட் மட்டும் அறுபடும். பெயின்ட் மேல் பிளேடு வைக்கவே வைக்காதீங்க. அந்தத் துருக்கோடு எனக்குக் கத்துக்கொடுத்த பாடம் இது.

கடைசியாக, நான் முதல் தடவை விட்டுட்ட ஸ்டெப். ஓரங்களையும் பள்ளங்களையும் ஹீட் கன்னால் சுமார் 90 டிகிரிக்குச் சூடாக்குங்க. கையால் உத்தேசம் பார்க்காதீங்க. லேப்ல இருக்கிற மாதிரி இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒண்ணு இரவல் வாங்குங்க. அந்தச் சூட்டில் இழுபட்ட பாலிமர் சங்கிலிகள் தளர்ந்து, புது வடிவத்தையே தன் வடிவமாக ஏற்றுக்கொள்ளும். 'ஸ்ட்ரெஸ் ரிலாக்சேஷன்'னு ரெண்டு மார்க்குக்கு எழுதினோமே, அதேதான்.

கடைசியா ரெண்டு விஷயம்

ஒரு வாரம் வாட்டர் வாஷ் வேண்டாம்; பிறகும் ஓரத்தில் பிரஷர் கன் காட்டாதீங்க. ஆர்.சி.யில் நிறமும் பதிவாகியிருக்கும். அதில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. ரூஃப் மட்டும்தானே என்றாலும் ஆர்.டி.ஓ.விலும் இன்ஷூரன்ஸிலும் ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிங்க.

ஆமா, ரெண்டாவது தடவை நான் கறுப்பு ஒட்டலை, வெள்ளை. கறுப்பு வெயிலை அப்படியே குடிச்சிடும். அப்பா சுத்தி வந்து பார்த்தார், ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தார். வரலை. "சரி, சாவியைக் கொடு"ன்னார்.