அப்டேட்டின் நடுவே நின்றுபோன மடிக்கணினி

மாலை நான்கு மணி. கிள்ளானில் இடியுடன் மழை கொட்டுகிறது. உங்கள் மடிக்கணினித் திரையில் 'பயோஸ் புதுப்பிக்கப்படுகிறது, மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள்' என்ற அறிவிப்பு. அந்த நேரம் பார்த்து மின்சாரம் போய்விடுகிறது. பழைய பேட்டரி ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. பிறகு பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, காற்றாடி சுற்றுகிறது. திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது.

கணினி போய்விட்டது, அதிலிருந்த படங்களும் பாடக் குறிப்புகளும் போய்விட்டன என்று மனம் பதறும். பதற வேண்டாம். உங்கள் கோப்புகள் இருப்பது வன்தட்டில் அல்லது எஸ்எஸ்டியில். கெட்டுப்போனது வேறு இடம்: தாய்ப்பலகையில் விரல் நகத்தைவிடச் சிறியதாக, பெரும்பாலும் எட்டுக் கால்களுடன் இருக்கும் ஒரு நினைவகச் சில்லு.

கணினிக்கு உயிர் வந்ததும் செயலி முதலில் படிப்பது இந்தச் சில்லில் உள்ள நிரலைத்தான். நினைவகத்தையும் திரையையும் விசைப்பலகையையும் எழுப்பி, பிறகு விண்டோஸை அழைப்பது அதன் வேலை. அதையே பயோஸ் அல்லது யூஇஎஃப்ஐ என்கிறோம். பொதுப்பெயர் நிலைபொருள். இந்தச் சில்லில் பழைய எழுத்தின் மேல் புதியதை அப்படியே எழுத முடியாது. ஒரு பகுதியை முழுதாக அழித்த பிறகே அங்கே எழுத முடியும். அழித்தலுக்கும் எழுதலுக்கும் இடையில் மின்சாரம் நின்றால் பாதி பழையது, பாதி வெற்றிடம். செயலி அதைப் படித்து ஒன்றும் புரியாமல் நின்றுவிடுகிறது.

இந்தச் சில்லு அழிந்தால் என்ன ஆகும் என்பதை உலகம் 1999 ஏப்ரல் 26இல் கண்டது. தைவான் மாணவர் ஒருவர் எழுதிய சிஐஎச் என்ற வைரஸ், செர்னோபில் அணு விபத்தின் நினைவு நாளில் விழித்தெழுந்து, பல கணினிகளின் பயோஸைச் சிதைத்தது. வன்தட்டின் தொடக்கப் பகுதியையும் அழித்தது. பாதியில் நின்ற அப்டேட் அவ்வளவு கொடியதல்ல. அது வன்தட்டைத் தொடுவதில்லை.

இப்படி நடக்கக்கூடும் என்று தயாரிப்பாளர்களுக்கும் தெரியும். அதனால் பல மடிக்கணினிகளில் சில்லின் ஒரு சிறு பகுதியை அப்டேட்டின்போது அழிக்காமல் பாதுகாக்கிறார்கள். மற்ற பகுதி கெட்டிருந்தால், இந்தச் சிறு பகுதி விழித்து, யூஎஸ்பி பென்டிரைவிலோ வன்தட்டிலோ நல்ல நகல் இருக்கிறதா என்று தேடும்.

முதலில் அரை மணி நேரம் காத்திருங்கள். திரை கறுப்பாக இருந்தாலும் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கலாம். அசைவே இல்லையென்றால் அணைத்து, சார்ஜரைக் கழற்றி, மின் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடித்து, மீண்டும் சார்ஜரைச் செருகி முயலுங்கள்.

பலனில்லை என்றால் வேறொரு கணினியில், தயாரிப்பாளரின் இணையத்தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கே உரிய பயோஸ் கோப்பை எடுத்து, அவர்கள் சொல்லும் முறையில் பென்டிரைவில் ஏற்றுங்கள். பல எச்பி கணினிகளில் விண்டோஸ் விசையையும் 'பி' விசையையும் சேர்த்துப் பிடித்தபடி, மின் பொத்தானை இரண்டு மூன்று விநாடி அழுத்தி விட வேண்டும். சில மாடல்களில் 'பி'க்குப் பதில் 'வி'. பல டெல் கணினிகளில் கன்ட்ரோல், எஸ்கேப் விசைகளைப் பிடித்தபடி சார்ஜரைச் செருக வேண்டும். மற்ற நிறுவனங்களின் முறை வேறு. மாடல் எண்ணைக் கொண்டு தேடுங்கள்.

இதுவும் பலிக்கவில்லையா? பிரிக்பீல்ட்ஸில் உங்களுக்குப் பழக்கமான கடையோ, புக்கிட் பிந்தாங் லோ யாட் பிளாசாவோ, பழுது பார்ப்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். பலகையை மாற்றாமல், சில்லில் கருவி வைத்து நேரடியாக எழுதித் தருவீர்களா? எழுதுவதற்கு முன் பழைய உள்ளடக்கத்தை நகலெடுத்து வைப்பீர்களா? சில்லு 3.3 வோல்ட்டா, 1.8 வோல்ட்டா என்று பார்த்தீர்களா? மூன்றாவது கேள்விக்குக் காரணம், 1.8 வோல்ட் சில்லுக்கு 3.3 வோல்ட் கொடுத்தால் அது கருகிவிடலாம். இரண்டாவது இன்னும் முக்கியம். கணினியின் வரிசை எண்ணும் பல கணினிகளில் விண்டோஸ் உரிம எண்ணும் அதே சில்லில்தான் உள்ளன. வேறு கணினியின் நகலை அப்படியே ஏற்றினால் உங்கள் கணினி அதன் அடையாளத்தை இழந்துவிடும்.

கடைசியாக ஒரு பொறி. கணினி உயிர் பெற்றதும், நீலத் திரையில் 48 இலக்க பிட்லாக்கர் மீட்பு எண் கேட்கலாம். விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் தட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கிறது. நிலைபொருளோ தாய்ப்பலகையோ மாறினால், யாரோ தட்டைத் திருடிச் சென்றுவிட்டார்கள் என்று கணினி சந்தேகிக்கிறது. எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அது எங்கும் கிடைக்காவிட்டால், சில்லைச் சரிசெய்த கைதேர்ந்தவராலும் கோப்புகளை மீட்க முடியாது. கோப்புகள் உண்மையில் பறிபோகும் இடம் இதுதான்.

ஆகவே அடுத்த அப்டேட்டுக்கு முன், அந்த எண்ணைத் தாளில் எழுதி அலமாரியில் வையுங்கள். முக்கியமான கோப்புகளை வேறோர் இடத்தில் நகலெடுங்கள். பேட்டரி நன்றாக இருக்கிறதா என்று பார்த்து, சார்ஜரைச் செருகி, வானம் தெளிந்திருக்கும் காலை நேரத்தில் தொடங்குங்கள். நம் வட்டாரத்தில் இடி மின்னல் பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும்.