புகார் எண் கையில் இருக்கட்டும்

வீட்டில் நெட் நின்றால் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு நிற்கிறது. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர் மேலாளருக்குப் பதில் சொல்ல முடியாமல் தவிக்கிறார். அந்தப் பதற்றத்தில் கஸ்டமர் கேரை அழைத்தால், ஒன்றை அழுத்தவும், நான்கை அழுத்தவும் என்று பதிவுக் குரல் சுற்றவிடுகிறது. கடைசியில் ஒருவர் லைனுக்கு வந்து, "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்கிறார். அதை ஏற்கெனவே செய்தாயிற்று என்றாலும் இன்னொரு முறை செய்யச் சொல்கிறார். மறுநாள் காலை "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வருகிறது. நெட் மட்டும் வருவதில்லை.

இதில் வரும் கோபம் முழுக்க நியாயமானது. அந்தக் கோபம் போனிலேயே தீர்ந்துபோகிறதே என்பதுதான் என் வருத்தம். நமக்காகச் சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவுகள் அந்த போன் அழைப்புக்கு அடுத்த படியில் இருக்கின்றன. நம்மில் பெரும்பாலோர் அந்தப் படியில் கால் வைப்பதே இல்லை.

போனில் பேசுபவரால் ஏன் எதுவும் செய்ய முடிவதில்லை என்பதை முதலில் பார்ப்போம். அவர் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் நேரடி ஊழியர் கிடையாது. ஒப்பந்தத்துக்கு எடுத்து நடத்தும் அழைப்பு மையத்தில் வேலை செய்பவர். திரையில் வரும் கேள்விகளை வரிசை மாறாமல் கேட்க வேண்டும், அழைப்பைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை. உங்கள் தெருவில் கேபிள் அறுந்திருப்பது அவர் திரையில் தெரியாது. அதைச் சரிசெய்ய வருபவர் வேறொரு ஆள்: உள்ளூர் கேபிள் ஆபரேட்டரிடமோ துணை ஒப்பந்ததாரரிடமோ வேலை பார்க்கும் லைன்மேன். அவருக்கும் புகாரைக் குறித்த நேரத்துக்குள் மூடியாக வேண்டும் என்ற நெருக்கடி. அதனால்தான் பழுது சரியாகும் முன்பே புகார் மூடப்படுகிறது. சில நிறுவனங்களில் புகாரை மூட நம் போனுக்கு ஓடிபி வரும். நெட் வந்ததை நீங்களே கண்ணால் பார்க்கும்வரை அந்த எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். லைன்மேன் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, அவர் கேட்பது உங்கள் கையெழுத்துக்குச் சமமான ஒன்று.

அழைக்கும் முன் ஒரு சின்னச் சோதனை. ஃபைபர் இணைப்பாக இருந்தால் சுவரோரம் இருக்கும் பெட்டியில் 'எல்ஓஎஸ்' என்று எழுதிய விளக்கைப் பாருங்கள். அது சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ ஒளி உங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை என்று பொருள். கேபிள் எங்கோ அறுந்திருக்கலாம், வளைந்திருக்கலாம், கனெக்டர் கழன்றிருக்கலாம். எத்தனை முறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலும் அது சரியாகாது. "எல்ஓஎஸ் சிவப்பு" என்று எடுத்த எடுப்பில் சொன்னால் பாதிக் கேள்விகள் குறையும். விளக்கை ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேகக் குறைவு வேறு வகைத் தொல்லை. இங்கே இரண்டு குழப்பங்கள் உண்டு. 100 எம்பிபிஎஸ் என்று விற்பது மெகாபிட் கணக்கு. கோப்பு இறங்கும்போது திரையில் தெரிவது பெரும்பாலும் மெகாபைட் கணக்கு. எட்டால் வகுத்தால் 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட். அது மோசடி இல்லை. இரண்டாவது, தெருவில் வரும் ஒரு ஃபைபர் இழை 32 வீடுகளுக்குக்கூடப் பிரிக்கப்படுகிறது. ஜிபான் எனப்படும் பரவலான தொழில்நுட்பத்தில் அந்த இழையின் மொத்தக் கொள்ளளவே நொடிக்கு சுமார் 2.5 ஜிகாபிட்தான். தெருக்குழாயில் எல்லா வீட்டுக் குடமும் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்பதுபோல, இரவு எட்டு மணிக்கு மேல் வேகம் இறங்குவது இதனாலும் இருக்கலாம்; நிறுவனம் மேலே வாங்கி வைத்திருக்கும் மொத்த அலைவரிசை போதாததாலும் இருக்கலாம். காரணம் எதுவானாலும் அதைச் சரிசெய்ய வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. ஆனால் வைஃபையில் எடுத்த அளவைக் காட்டினால் "உங்க வீட்டுச் சுவர்தான் காரணம்" என்று தட்டிக்கழிக்க இடம் கிடைத்துவிடும். லேப்டாப்பை நெட்வொர்க் ஒயரால் ரவுட்டரோடு நேரடியாக இணைத்து, காலையிலும் இரவிலும் வேகத்தை அளந்து, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அரசின் வரையறையில் பிராட்பேண்ட் என்றாலே குறைந்தது 2 எம்பிபிஎஸ் பதிவிறக்க வேகம் வேண்டும். 2023 ஜனவரியில் வந்த அறிவிப்பு அது. வாங்கிய திட்டத்தின் வேகம் அதைவிடப் பல மடங்கு என்பதால் நமக்கு முக்கியமானது விளம்பரத்திலும் பில்லிலும் அச்சிட்ட எண்தான். இரண்டையும் பத்திரப்படுத்துங்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2012-ல் நுகர்வோர் புகார் தீர்வுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. அதன்படி நிறுவனத்துக்குக் கட்டணமில்லாத புகார் மையம் இருக்க வேண்டும். அங்கே சொல்லும் ஒவ்வொரு புகாருக்கும் ஒரு எண் தர வேண்டும். இந்த எண் இல்லாத புகார், சட்டத்தின் பார்வையில் நடக்காத உரையாடல். உள்ளூர் ஆபரேட்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய "அண்ணே, நெட் வரல" என்ற செய்தி அண்டை அயலார் உறவுக்கு நல்லது. ஆனால் அது பதிவு ஆகாது. அவரிடம் சொல்லுங்கள், நிறுவனத்திலும் பதிவு செய்யுங்கள். எண், தேதி, பேசியவர் சொன்ன பெயர், அவர் கொடுத்த கெடு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். சரியாகாமலே மூடிவிட்டால், பழைய எண்ணைக் குறிப்பிட்டு, "இன்ன தேதியில் தவறாக மூடப்பட்டது" என்று மின்னஞ்சலும் அனுப்புங்கள்.

அடுத்த படி மேல்முறையீடு. ஒவ்வொரு நிறுவனத்திலும் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும் என்கின்றன அதே விதிகள். கெடு முடிந்தும் தீராவிட்டாலோ, தீர்வில் திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாட்களுக்குள் அவரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. மின்னஞ்சல் போதும், புகார் எண்ணைக் குறிப்பிட வேண்டும். நுகர்வோர் அமைப்பின் பிரதிநிதி ஒருவரும் நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவரும் அடங்கிய ஆலோசனைக் குழு அதைப் பார்க்கும். 39 நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். இந்த வாய்ப்பைப் பற்றி எந்த கஸ்டமர் கேர் ஊழியரும் தானாக முன்வந்து சொல்லிக் கேட்டதில்லை. டிராயின் இணையதளத்தில் நிறுவனவாரியாக முகவரிகள் கிடைக்கும். டிராய்க்கே எழுதலாமே என்று தோன்றும். ஆனால் டிராய் விதி வகுக்கும் அமைப்பு, தனிநபர் புகாரை அது விசாரிப்பதில்லை. அங்கே எழுதிவிட்டுக் காத்திருந்தால் 30 நாள் கெடு நழுவிப்போகும்.

பணத்தைத் திரும்பக் கேட்கவும் தயங்க வேண்டாம். நெட் வராத நாட்களுக்கு நாம் ஏன் கட்டணம் செலுத்த வேண்டும்? 2006-ல் வந்த பிராட்பேண்ட் தர விதிகளே இதற்குப் பதில் சொல்லியிருந்தன: பழுது 3 வேலை நாட்களைத் தாண்டினால் 7 நாள் வாடகை, 7-ஐத் தாண்டினால் 15 நாள் வாடகை, 15-ஐயும் தாண்டினால் ஒரு மாத வாடகை கழிக்கப்பட வேண்டும். 2024 அக்டோபர் முதல் அமலான புதிய தர விதிகளிலும் பழுது 3 நாளுக்கு மேல் நீண்டால் வாடிக்கையாளருக்கு ஈடு உண்டு. பிரீபெய்டு, போஸ்ட்பெய்டு இருவருக்கும். பழுது தொடங்கிய நாள் எது என்பதற்கு உங்கள் முதல் புகார் எண்தான் சாட்சி.

நிறுவனத்துக்குள் நீதி கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, தமிழிலும் பேசலாம். அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை. ஆனால் அவர்கள் வழியாகப் போகும் புகார், நிறுவனத்தில் வேறொரு மேசைக்குப் போகிறது.

அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். தொலைத்தொடர்புப் புகார்களுக்கு இந்தக் கதவு பல ஆண்டுகள் பாதி மூடிக் கிடந்தது. 1885-ம் ஆண்டின் தந்திச் சட்டத்தில் தனியாக நடுவர் ஏற்பாடு இருப்பதால் நுகர்வோர் மன்றம் போக முடியாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னதே காரணம். 2022 பிப்ரவரி 16 அன்று அது மாறியது. மாதம் சராசரியாக 555 ரூபாய் கட்டி வந்த ஒருவருக்கு 24,609 ரூபாய்க்கு மேல் பில் வந்தது; அவர் 2014-ல் அகமதாபாத் மாவட்ட மன்றத்துக்குப் போனார். அங்கே வழக்கு நடக்கவே கூடாது என்று வோடஃபோன் ஐடியா உச்ச நீதிமன்றம் வரை சென்று வாதாடியது. நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாம் என்று நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு முடிவு செய்தது. எங்கே முறையிடுவது என்ற கேள்வி முடியவே ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆயின. அந்த மனிதர் விடாமல் நின்றதன் பலன் இன்று நம் எல்லோருக்கும். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, சேவை என்பதன் வரையறையிலேயே தொலைத்தொடர்பை வெளிப்படையாகச் சேர்த்துவிட்டது.

புதிய சட்டத்தில், நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. வீட்டு நெட் பில் அந்த அளவை எட்டப்போவதில்லை. குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். ஆணையத்தில் எடுபடுவது நோட்டில் எழுதிய எண்களும் மின்னஞ்சல்களும்தான். உண்மையில் எவ்வளவு நஷ்டம் என்று கணக்கோடு காட்டுங்கள். மன உளைச்சலுக்கும் கேட்கலாம், ஆனால் பெரிய தொகை எழுதிவிட்டு ஆதாரமில்லாமல் நின்றால் மனு பலவீனப்படும்.

இத்தனைக்கும் நேரமோ தெம்போ இல்லாதவர்கள் நிறுவனத்தை மாற்றிவிடுவதையும் நான் தவறு சொல்ல மாட்டேன். அதற்கு ஒரே தடை, ரவுட்டர் இலவசம் என்ற சலுகைக்காக ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிடுவது. புது இணைப்பு எடுக்கும்போது முதல் மூன்று மாதமாவது மாதக் கட்டணத்தில் போங்கள். மழைக்காலம் ஒன்று கடந்தால் கேபிளின் தரமும் ஆட்களின் தரமும் தெரிந்துவிடும். விலகும்போது வாய்ச்சொல் போதாது: இணைப்பைத் துண்டிக்கக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பி, அதற்கும் எண் வாங்குங்கள். முன்பணம் கட்டியிருந்தால் அதே மின்னஞ்சலில் தொகையைக் குறிப்பிட்டுத் திரும்பக் கேளுங்கள். ரவுட்டரை எடுத்துப்போக வருபவரிடம், அதன் சீரியல் எண்ணை எழுதிக் கையெழுத்திட்ட ரசீது வாங்காமல் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.