கருவியும் கையும்

நாஞ்சில் என்னும் சொல்லுக்குக் கலப்பை என்பது பொருள். உழுவோனின் கைக்கு இசையாத மேழி, நிலம் எத்துணை நல்லதாயினும் அவனை வருத்தும். கருவியே மனிதனுக்கு இசைய வேண்டும். மனிதன் கருவிக்கு இசைய வேண்டும் என்பது முறையன்று. நாஞ்சில் நாட்டு உழவர் அறிந்த இவ்வுண்மை கணினிக்கும் பொருந்தும். மனிதர்க்கும் கணினிக்கும் இடையே நிகழும் தொடர்பை ஆராய்ந்து எளிதாக்குவது, இன்று பல்கலைக்கழகங்களில் தனியொரு துறையாக வளர்ந்துள்ளது.

தமிழில் அவ்வாராய்ச்சிக்கு வாய்த்த பெரிய வினா, 247 எழுத்துகளைச் சில விசைகளில் அடக்குவது எங்ஙனம் என்பதாகும். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்து ஒரு விடை கண்டார். அப்பொறி கண்ணுக்குத் தோன்றும் வரிசையைப் பின்பற்றியது. 'கொ' என்று பொறிக்கக் கொம்பு, ககரம், கால் என மூன்று விசைகளைத் தட்ட வேண்டும்.

கணினி வந்தபின் வேறு வழி பிறந்தது. சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தேசியக் கல்விக் கழகத்தின் விரிவுரையாளர் நா. கோவிந்தசாமி, 'கணியன்' என்னும் விசைப்பலகையை ஆக்கினார். அவ்வழியிலேயே, 1999ஆம் ஆண்டு சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டையொட்டித் 'தமிழ்99' என்னும் விசைப்பலகை உருவாயிற்று. தமிழ்நாட்டரசும் அதனை ஏற்றது.

இதில் உயிரெழுத்துகள் இடப்புறத்தும், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலப்புறத்தும் உள்ளன. ககரத்தையும் ஒகரத்தையும் தட்டினால் 'கொ' தோன்றும். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் ஆகும் இலக்கணமே இங்கு இயங்குகிறது. ஒரே மெய் இரட்டித்தால் முன்னதன்மேல் புள்ளி தானே அமையும். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்னும் நான்கு விசைகளே போதும். மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வரினும் அவ்வாறே. க, ன, ற, உ எனத் தட்டினால் 'கன்று' கிடைக்கும்.

எம்மெய்யோடு எம்மெய் மயங்கும் என்பதைத் தொல்காப்பியம் அன்றே வகுத்துரைத்தது. அந்நூலைக் கேட்டு ஆராய்ந்தவர் அதங்கோட்டாசான் என்று அதன் பாயிரம் கூறுகின்றது. குமரி மாவட்டத்து அதங்கோடே அவரது ஊர் என்பர். பழைய இலக்கணம் புதிய பொறிக்கு உறுதுணையாயிற்று.

எனினும், இன்றும் பலர் ஆங்கில எழுத்துகளைத் தட்டியே தமிழை எழுதுகின்றனர். அவர்கள் 'அம்மா' என்று எழுதுமுன் அச்சொல்லை வேற்றெழுத்தில் எண்ணிப் பார்க்க நேர்கின்றது. தமிழ் விசைகளைச் சில நாள் பழகிய விரல்களுக்கு அவ்விடர் இல்லை. நெஞ்சில் எழும் ஒலி, தன் வரிசையிலேயே திரையில் எழுத்தாகின்றது. கைக்கிசைந்த மேழியைப் பிடித்தவன் அதனை மறந்து உழவிலே கருத்தூன்றுவான். நல்ல கருவியின் இயல்பு அதுவே.